எலின்னு சொன்னாங்க, சுண்டெலியாம்!

'அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கும்'னு நம்ம ஆளுங்க அடிக்கடி மார்தட்டிக்கிறோம். திருத்திக்கும்தான், மறுக்கலை. எத்தனை வருஷம் கழிச்சு, யார் காசுலங்கறதுதான் என் கேள்வி.

முதல்ல மேட்டர். வளர்ந்த நரம்பு செல் இரண்டாப் பிரியாது. ஒவ்வொரு சோதனைக்கும் புதுசா ஒரு எலியை அறுக்கணும். அதைத் தவிர்க்க, வைரஸ் மரபணு ஒண்ணை உள்ளே நுழைச்சு, செல்லை ஓயாம பெருக வைக்கிறாங்க. சாகாவரம் வாங்கின செல்கள்! இதுல தப்பே இல்லை, நல்ல கருவி.

2001ல அமெரிக்காவுல, நார்த் டெக்சாஸ்ல, 'ஆர்ஜிசி-5'ன்னு ஒரு வரிசை வந்தது. எலியோட விழித்திரையில இருக்கற கேங்லியான் செல்னு லேபிள். கருவுல மூளையில இருந்து கிளம்பி வளர்றதுதான் விழித்திரை. கிளாக்கோமாவுல செத்துப் பார்வையைப் பறிக்கறது இந்த கேங்லியான் செல்தான். சும்மா விடுவாங்களா? ஆய்வகம் ஆய்வகமா கை மாறி, நூற்றுக்கும் மேல கட்டுரைகள் வந்தாச்சு.

2009ல டிஎன்ஏவைப் பார்த்தா அது எலியே இல்லை, சுண்டெலி! 2013ல உருவாக்கின ஆய்வகமே சோதிச்சுச் சொல்லிடுச்சு: இது ஏற்கெனவே இருந்த '661டபிள்யூ'ங்கற சுண்டெலி செல். கேங்லியானும் இல்லை, வெளிச்சத்தை வாங்குற கூம்பு செல் வகை. பன்னிரண்டு வருஷம்!

தப்பை வெளிய சொன்னவங்களை நான் திட்ட மாட்டேன். அதுக்கு தைரியம் வேணும். என் கோபம், வாங்கி வச்சு ஒரு தடவை கூட சோதிக்காதவங்க மேலயும், கேட்காமலே அச்சடிச்ச சஞ்சிகைகள் மேலயும்தான். 'அப்ப தெரியாதுங்க'ன்னு தப்பிக்க முடியாது. 1966லயே ஸ்டான்லி கார்ட்லர், வேற வேற பேர்ல இருந்த பல மனித செல் வரிசைகள் உண்மையில ஹீலா செல்தான்னு காட்டிட்டார். எந்த விலங்குன்னு கண்டுபிடிக்கற சோதனையும் 2001க்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு.

நாங்க ஒரு மென்பொருளைத் தரவிறக்கினாக்கூட செக்சம் ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டுதான் நிறுவுவோம். சாதாரண வலைத்தளத்துக்கே இந்த ஜாக்கிரதை. கண்ணு போயிட்டிருக்கற ஒருத்தருக்கு மருந்து தேடுறவங்க, குப்பி மேல ஒட்டின ஸ்டிக்கரை நம்பினா போதுமாம்!

'கூம்பு செல்லும் செல்தானே, முடிவு முழுசா வீணாகாதே'ன்னு ஒருத்தர் வாதம் பண்ணலாம். சரிங்க, அப்ப அது கூம்பு செல் பத்தின முடிவு. கிளாக்கோமா பத்தினது இல்லை. அந்தப் பழைய கட்டுரைகளைப் படிச்சுட்டு அடுத்த ஆய்வுக்குப் பணம் கேட்கறவனுக்கு இதை யார் சொல்றது? திருத்தம் ஒரு மூலையில கிடக்கு, தப்பு ஊரெல்லாம் சுத்துது.

என் கோரிக்கை ரொம்ப சின்னது. செல்லோட அடையாளச் சோதனை முடிவு இல்லாத கட்டுரையை அச்சிடாதீங்க. பழைய கட்டுரை ஒவ்வொண்ணு தலையிலயும், 'இது கேங்லியான் இல்லை'ன்னு எழுதுங்க. இதைச் செஞ்சுட்டு அப்புறம் மார்தட்டுங்க, நானும் கூட சேர்ந்து தட்டறேன்.