கதையில் வாழும் கலைஞரும் நம் வீதியில் நிற்கும் கலைஞரும்

இளையோர் இன்று கைத்தொலைபேசியில் விரும்பிப் படிக்கும் தொடர்கதைகளுள் ஒரு வகை, ஜப்பானிலும் கொரியாவிலும் ஆடல் பாடலால் புகழ்பெறும் இளங்கலைஞரின் வாழ்வைக் கூறுவதாகும். பயிற்சியின் களைப்பும், மேடையேறும் அச்சமும், தோழமையும், சிறு வெற்றியின் மகிழ்ச்சியுமே அவற்றின் பொருள். படித்து முடித்தவர் மனம் இலேசாகிறது. 'இவை பயனற்ற பொழுதுபோக்கு' என்று பெரியோர் பலர் கடிந்துரைக்கின்றனர். அவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டுவது நம் கடமை.

1950களில் ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் 'கலைமணி' என்னும் புனைபெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' எத்தகைய கதை? நாதஸ்வர வித்துவான் ஒருவரும் நாட்டிய மங்கை ஒருத்தியும் ஊடியும் போட்டியிட்டும் கூடியும் வாழ்ந்த இனிய கதையன்றோ? கோபுலுவின் சித்திரங்களோடு வந்த அத்தொடரை நம் பெற்றோர் சுவைத்தனர். 1968 ஆம் ஆண்டு அது திரைப்படமாக வந்தபோது சிக்கல் சண்முகசுந்தரத்தின் தன்மானத்துக்குக் கைதட்டினர். அன்று அவர்களுக்கு ஆறுதலளித்தது இன்று பிள்ளைகளுக்கு ஆகாதென்பது நியாயமாகுமா?

இலக்கியம் சமுதாயக் கொடுமைகளைச் சாடவேண்டும் என்று முற்போக்கு எழுத்தாளர் வற்புறுத்தினர். டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்கள் நமக்கு இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. எனினும் இன்பக் கதைக்கும் ஒரு பணி உண்டு. நாவலர் காலந்தொட்டுக் கோயிலாடலைக் கண்டித்துப் பழகிய நாடு இது. திருவிழாக்களில் ஆடிய சின்னமேளத்தை ஏளனஞ் செய்த நாவுகளும் இங்கு உண்டு. அத்தகைய நாட்டிலும் மோகனாம்பாளின் கண்ணீர் வாசகரின் கண்ணீராயிற்று. ஆடுபவளுக்கும் மானம் உண்டு, ஊதுபவனுக்கும் பசி உண்டு என்பதைப் பிரசங்கமின்றி உணர்த்தியது அக்கதை.

ஆனால், கதையில் தோன்றிய அந்த அன்பு நம் கோயில் வீதிக்கு வந்ததா? இதுவே நம் கேள்வி.

இணுவிலில் 1933 ஆம் ஆண்டு பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975 ஆம் ஆண்டு 42 வயது நிறையுமுன்னரே மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழகமே போற்றியது. காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து, அரிச்சந்திரனாக நின்று ஊர் ஊராக மக்களை உருக வைத்தார். இத்தகையோரைப் பெற்ற மண், தன் கலைஞருக்குத் தரும் மரியாதை யாது? வைத்தியரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். விடியுமட்டும் வாசிக்கும் மேளகாரரிடமோ பேரம் பேசுகிறோம். வெங்காயமும் புகையிலையும் விற்ற பணத்தில் உபயஞ் செய்யும் கமக்காரர் உழைப்பின் அருமை அறிந்தவர். விளைச்சலுக்கு உரிய விலை கிடையாதபோது நெஞ்சம் நோகும் அவர், வித்துவானின் நோவையும் அறியமாட்டாரா? கலைஞர் ஒருவர் தம் மகனை வேறு தொழிலுக்கு அனுப்ப எண்ணினால் அப்பழி யாரைச் சாரும்?

எனவே கோயிற் பரிபாலன சபையாரும் உபயகாரரும் மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும். பேசிய சன்மானத்தைக் கச்சேரி முடிந்த அன்றே கையிற் கொடுக்கட்டும். இளைப்பாற நல்ல இடமும், எல்லோரோடும் சமமாக இருந்துண்ணும் பந்தியும் அளிக்கட்டும். விழா அறிவித்தலில் தலைமை வித்துவானின் பெயரோடு குழுவினர் அனைவர் பெயரையும் பொறிக்கட்டும்.

எழுத்தாளருக்கும் ஒரு வேண்டுகோள். நம் நாதஸ்வரமும் தவிலும் இசைநாடகக் கொட்டகையும் சிரிப்பும் கனிவும் நிறைந்த கதைகளாக மலரட்டும். அயல்நாட்டுக் கலைஞரின் களைப்பை அறிந்து உருகும் நம் பிள்ளைகள், அடுத்த தெருவில் தவிலைத் தோளில் சுமந்து செல்பவரின் களைப்பையும் அறிந்துகொள்வார்கள்.