எல்.டி.சி.க்கு எல்.டி.சி. எதற்கு?

டில்லியில் எல்.டி.சி. என்ற மூன்று எழுத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, லோயர் டிவிஷன் கிளார்க் என்னும் கீழ்நிலை எழுத்தர். மற்றொன்று, லீவ் டிராவல் கன்செஷன் என்னும் விடுமுறைப் பயணச் சலுகை. முதலாவது எல்.டி.சி. ஆவதற்காகவே ஒரு காலத்தில் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் இளைஞர்கள் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டுத் தகரப் பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினார்கள். அப்படி வந்தவர்கள் அவ்வப்போது ஊர் முகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று மத்திய சர்க்கார் 1956-ல் ஏற்படுத்தியது இரண்டாவது எல்.டி.சி.

இந்தச் சலுகையை டில்லித் தமிழர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று யோசித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். நான்கு ஆண்டு கொண்ட ஒரு தொகுதியில் இரண்டு முறை சொந்த ஊருக்குப் போகலாம். அல்லது ஒரு முறை ஊருக்கும், ஒரு முறை இந்தியாவின் எந்த மூலைக்கும் போகலாம். எந்த மூலைக்கும் என்று விதி தாராளமாகச் சொல்கிறது. ஆனால் அந்த மூலையும் பெரும்பாலும் கும்பகோணத்திலோ கோவில்பட்டியிலோதான் போய் நிற்கிறது!

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. தங்கையின் கல்யாணம், அப்பாவின் கண் ஆபரேஷன், குழந்தைக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று ஊர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். போகிற பயணமும் சுவாரசியம் இல்லாததல்ல. 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, சுமார் 2,180 கிலோமீட்டர் தூரத்தை அது டில்லித் தமிழர்களுக்கு ஒரு தெரு மாதிரி ஆக்கிவிட்டது. ஆக்ராவைத் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர் எந்த அமைச்சகம் என்று தெரிந்துவிடும். போபாலுக்குள் அவர் மாமனார் எந்த ஊர் என்பது தெரிந்துவிடும். நாக்பூரில் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளும்போது, பையனுக்கு வரன் பார்க்கிற பேச்சே வந்துவிடும். விஜயவாடாவில் தயிர்சாதம் தீரும். சென்ட்ரலில் இறங்கியதும் ஆளுக்கொரு திசை.

ஆகவே ஊருக்குப் போவது தவறா என்பதல்ல கேள்வி. ஊருக்கு மட்டுமே போய்க்கொண்டிருப்பது சரியா என்பதே கேள்வி.

முப்பது வருஷம் இருந்தும்...

ராமகிருஷ்ணபுரத்து சர்க்கார் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுத் தாம்பரத்திலோ ஸ்ரீரங்கத்திலோ வீடு கட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர். "டில்லியிலா இருந்தீர்கள்? அப்படியானால் சிம்லா, ஹரித்துவாரமெல்லாம் அத்துப்படியாயிருக்குமே!" என்று அக்கம்பக்கத்தார் ஆவலோடு கேட்பார்கள். அவர் என்ன சொல்வார்? மத்திய செயலகமும் சரோஜினி நகர் மார்க்கெட்டும் மலை மந்திரும் தெரியும். தாஜ்மகாலைக்கூட ஊரிலிருந்து வந்த மைத்துனருக்குக் காட்டுவதற்காக ஒரே ஒரு முறை பார்த்திருப்பார். அன்றும் அவர் கண் தாஜ்மகாலில் இருந்திருக்காது, மைத்துனரின் செருப்பில் இருந்திருக்கும்.

விருந்தாளிக்காகப் பார்ப்பது வேறு, தனக்காகப் பார்ப்பது வேறு. தனக்காகப் பார்ப்பதிலும் நண்பர்களோடு பார்ப்பது தனி ருசி. குடும்பத்தோடு போனால் மனிதன் பொறுப்பாளி. டிக்கெட்டு, தண்ணீர், குழந்தைக்கு மாத்திரை எல்லாம் அவன் தலையில். நண்பர்களோடு போனால் பொறுப்பு ஐந்தாறு பேருக்குப் பங்காகிவிடும். தப்பும் பங்காகிவிடும். எல்லாவற்றையும் விட, சிரிப்பு பல மடங்காகிவிடும்.

ஆக்ராவையே எடுத்துக்கொள்ளலாம். 1964-லிருந்து தாஜ் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. காலையில் புறப்பட்டால் இரவு வீடு திரும்பலாம். 2016-ல் வந்த கதிமான் எக்ஸ்பிரஸ் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். கரோல்பாகிலிருந்து ஐந்து பேர் ஒரு நாள் லீவு போட்டுக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் புளியோதரை கட்டி வருகிறார். இன்னொருவர் சீட்டுக்கட்டு கொண்டு வருகிறார். மூன்றாமவர் வரலாறு படித்தவர்; ரயில் மதுரா தாண்டுவதற்குள் ஷாஜகானை அரியணை ஏற்றிவிடுகிறார். ஆக்ரா போய்ச் சேர்ந்தபின்தான் தெரிகிறது, அன்று வெள்ளிக்கிழமை, தாஜ்மகாலுக்கு வார விடுமுறை. "ஏன்யா, நாள் பார்த்தது யாரு?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மாமியாரோடு போய் இப்படி ஆகியிருந்தால் வீட்டில் ஒரு மாதம் புயல். நண்பர்களோடு போனதால், யமுனைக்கு அக்கரையிலிருந்து தாஜைப் பார்த்துக்கொண்டே புளியோதரையைத் தீர்த்து, கோட்டையைச் சுற்றிவிட்டு, ஆளுக்கொரு பெட்டி பூசணிக்காய்ப் பேட்டாவுடன் திரும்புகிறார்கள். இருபது வருஷத்துக்கு இந்தக் கதை தாங்கும்! தாஜ்மகால் திறந்திருந்தால் இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புகிறவர்களுக்குக் கால்காவிலிருந்து சிம்லா போகும் சின்ன ரயில் இருக்கிறது. 1903-ல் திறந்த பாதை. 96 கிலோமீட்டர் தூரம், 102 சுரங்கங்கள். 2008-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மாட்டு வண்டியை விடக் கொஞ்சம் வேகம் என்று சொல்லும்படி வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு சுரங்கத்திலும் குழந்தைகளைப் போலக் கூச்சல் போடுகிறவர்கள் யார் என்று பார்த்தால், ஆபீஸில் பைலுக்குப் பின்னால் முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அதே ஆசாமிகள்தான். ஆபீஸில் பத்து வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்தும் தெரியாத ஒருவரின் குணம், இரவல் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகப் பரோக் நிலையத்தில் டீக்கு நிற்கும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ரயில் ஏறாத உல்லாசம்

எல்லாவற்றுக்கும் ரயில் ஏற வேண்டும் என்பதில்லை. உள்ளூரிலேயே அனுபவிக்கத் தெரிந்தவனுக்கு டில்லி கஞ்சத்தனம் காட்டுவதில்லை. குளிர்காலத்து ஞாயிறு பகலில் லோடி தோட்டத்துப் புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டு வறுத்த வேர்க்கடலை உரித்துத் தின்பதற்கு என்ன செலவு? கூடக் கொஞ்சம் கஜக் வாங்கினால் அது விருந்து. பழைய டில்லியில் குளிர்காலக் காலை வேளைகளில் மட்டும் பால் நுரையைத் திரட்டி, குங்குமப்பூ தூவி, தௌலத் கி சாட் என்று விற்பார்கள். வாயில் வைத்ததும் காணாமல் போய்விடும், மாதச் சம்பளம் மாதிரி. சாந்தினி சௌக்கின் பராட்டா சந்தும் ஜிலேபிக் கடைகளும் சொல்ல வேண்டியதில்லை. தரியாகஞ்சு நடைபாதையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019-ல் மஹிளா ஹாட்டுக்கு மாறியது. இடம் மாறினாலும், பேரம் பேசிப் புத்தகம் வாங்கும் சுகம் மாறவில்லை.

காபி குடிக்கக் கூடுவதற்கும் டில்லியில் ஒரு சரித்திரம் உண்டு. காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, ஏ. கே. கோபாலன் வழிகாட்ட அந்த ஊழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957-லிருந்து இந்தியன் காபி ஹவுஸ்களை நடத்தத் தொடங்கினார்கள். கன்னாட் பிளேஸில் இருந்த கடையை நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், இடித்துவிட்டார்கள். அங்கே பேச்சு அதிகம் என்பதுதான் காரணம் என்று அப்போது ஊரே பேசிக்கொண்டது. ஆனாலும் அது மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் மாடியில் மறுபடி உயிர் பெற்றது. நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார்வது அவ்வளவு சக்தி வாய்ந்த காரியம்! அதே கன்னாட் பிளேஸில் மெட்ராஸ் ஹோட்டல் மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், பஸ் நிறுத்தத்தின் பெயர் மெட்ராஸ் ஹோட்டல் என்றே நின்றது. இட்லியும் சாம்பாரும் போய்விட்டன. நண்பர்கள் சந்தித்துக்கொண்ட இடத்தின் பெயர் போகவில்லை.

வீண் செலவா?

"இதெல்லாம் கையில் காசு உள்ளவன் பேச்சு. ஊருக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு ஏது உல்லாசம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்.டி.சி.யும் கட்டணத்தை மட்டுமே கொடுக்கும். சாப்பாடும் தங்குமிடமும் சொந்தக் கைக்காசு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நண்பர்கள் மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் ஒரு பொது உண்டியலில் போட்டால், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். ஒரு நாள் ஆக்ராவுக்கும் சில ஞாயிறு காபிகளுக்கும் அது போதும். மாதம் இருநூறு ரூபாய் எந்தத் தங்கையின் கல்யாணத்தையும் நிறுத்திவிடாது.

கிரெடிட் கார்டைத் தேய்த்துப் பாங்காக் போய்விட்டு, இரண்டு வருஷம் தவணை கட்டி முழிப்பது வேறு கதை. போகாத ஊருக்கு டிக்கெட் காட்டி எல்.டி.சி. பணம் வாங்குவது அதைவிட மோசம். அது பயணமே அல்ல, பின்னால் விசாரணைக்கு அலைகிற அலைச்சல்தான் அதில் கிடைக்கும் பயணம். புட்டி திறந்தால்தான் உல்லாசம் என்று நினைக்கிற கோஷ்டிகளும் உண்டு. அவர்கள் சிம்லாவுக்குப் போனாலும் ஓட்டல் அறையின் சுவரைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வீண் செலவு என்று சொல்கிறவர்கள் மறந்துவிடும் வரவு ஒன்று இருக்கிறது. டில்லியில் தமிழனுக்குச் சித்தப்பா, பெரியப்பா, பங்காளி யாரும் பக்கத்துத் தெருவில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டுவதற்கு இருப்பது நண்பன் வீடுதான். 2020 மார்ச்சில் பயணிகள் ரயில்கள் நின்றபோது, ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் டில்லியில் ஆக்சிஜனுக்கு மனிதர்கள் தவித்தபோது, சிலிண்டரைத் தேடி ஸ்கூட்டரில் அலைந்தவர்களில் நண்பர்கள் எத்தனையோ பேர். அந்த நேரத்தில் திடீரென்று நண்பனைத் தயார் செய்ய முடியாது. அவன் என்றைக்கோ ஒரு வெள்ளிக்கிழமை, பூட்டிய தாஜ்மகால் வாசலில் கூட நின்று சிரித்தவனாக இருக்க வேண்டும். இன்பத்தில் சேராத சிநேகிதம் துன்பத்தில் சேருவது அபூர்வம். உல்லாசப் பயணம் என்று பெயரிட்டாலும், உண்மையில் அது இன்ஷூரன்ஸ் பிரீமியம்தான்.

விட்டுப்போகிறவர்கள்

இந்த இன்பத்தில் இரண்டு சாரார் விட்டுப்போகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில், பெண்கள். ஆண்கள் கோஷ்டியாகக் கிளம்பும்போது, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறியது யார்? அவரும் ஆபீஸ் போகிறவர்தான். அவருக்கும் எல்.டி.சி. உண்டு, அவருக்கும் சிரித்துப் பேசத் தோழிகள் உண்டு. ஒரு ஞாயிறு அவர் தோழிகளோடு கிளம்பட்டும். அன்று புளியோதரை ஐயா கிளறட்டும். புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இரண்டாவது, எந்த எல்.டி.சி.யும் இல்லாத தொழிலாளர்கள். வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வந்து தலைமுறைகளாக டில்லியில் உழைக்கும் தமிழர்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வே பெரிய சலுகை. அவர்களுக்கு உல்லாசம் என்பது பக்கத்துக் குடிசைத் தோழியோடு வாசலில் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம். ஜங்புராவில் கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப், நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. ஒரு பகுதியினருக்கு வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கினார்கள்; மற்றவர்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். சுவர் போனது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அரை மணி நேரம் போனது எந்தக் கணக்கிலும் வரவில்லை. தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் வருஷத்துக்கு ஒரு நாளாவது பஸ் வைத்து, பிரிந்து போன இந்தக் குடும்பங்களை ஒன்றாக எங்காவது அழைத்துப் போனால், அது எந்த ஆண்டு விழாவுக்கும் குறைந்த புண்ணியம் ஆகாது.

எல்.டி.சி.யைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், கடைசியில் லீவு கிடைக்காமல் சலுகையை இழந்தவர்கள் ஒவ்வோர் ஆபீஸிலும் உண்டு. நட்பின் கதையும் அப்படித்தான். "ரிட்டையர் ஆன பிறகு எல்லோரும் சேர்ந்து போவோம்" என்று சொல்லி வைத்த ஐந்து பேரில், ஒருவர் கோயமுத்தூரில், ஒருவர் பையனோடு அமெரிக்காவில், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் இல்லை. மிச்சமிருக்கிற ஒருவர் சிம்லா டிக்கெட்டை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவார்? ஊருக்குப் பணம் தவறாமல் போகட்டும். இந்தத் தொகுதியில் ஒரே ஒரு லீவு மட்டும் நண்பர்களுக்கு என்று இருக்கட்டும். நாள் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையா என்று மட்டும் பார்த்துக்கொள்வது நல்லது.