தாகத்தை மறைக்கலாகாது

நம் சங்கத்துக் குடும்பங்களுள் இருபது, முப்பது ஆண்டுகளாக இத்தீவுகளில் வாழ்ந்து வருபவை பல. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைச் செல்லுலார் சிறைக்கு அழைத்துச் செல்கிறோம். கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் மாலைப் பொழுதைக் கழிக்கச் செய்கிறோம். பின்னர் வழியனுப்பி வைக்கிறோம். ஆனால் சாத்தம் துறையில் நின்றால் எதிர்க்கரையில் தெரியும் பசுமையான மலைத்தொடரில் கால்நடையாய் நடந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? “பிழைக்க வந்த இடத்தில் காட்டுக்குள் நமக்கு என்ன வேலை?” என்று கேட்போரே மிகுதி. அக்கேள்விக்கு விடை கூறவும், முதன்முறை செல்வோர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லவும் இம்மாதப் பகுதியை ஒதுக்கியுள்ளேன்.

அம்மலைக்கு ஹாரியட் மலை என்பது பழைய பெயர். 1862 முதல் 1864 வரை இங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லர் என்பவரின் மனைவி ஹாரியட்டின் பெயரால் அவ்வாறு வழங்கலாயிற்று. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் அதற்கு மணிப்பூர் மலை எனப் புதுப்பெயர் சூட்டினர். 1891-இல் ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்று, நாடு கடத்தப்பட்டு இங்கே கொணரப்பட்ட மணிப்பூர் மன்னர் குலசந்திராவையும் அவருடைய தோழர்களையும் நினைவுகூரும் பெயர் அது. உயரம் ஏறக்குறைய 1,200 அடி. வடக்கே திக்லிப்பூரில் உள்ள சாடில் சிகரம் 732 மீட்டர் உயர்ந்து நிற்பதை நோக்க இது சிறிய மலைதான். ஆயினும் பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னை மரங்களுக்கு இடையே தெரியும் கடற்காட்சி இம்மலைப் பாதையிலிருந்து காணும் காட்சியே. எத்தனையோ முறை அதைக் கையால் எண்ணிக் கொடுத்திருக்கிறோம். கண்ணால் காணத்தான் தவறிவிட்டோம்.

1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் மாலை, இந்தியாவின் வைசிராயாக இருந்த மேயோ பிரபு கதிரவன் மறையும் காட்சியைக் காண இம்மலைமீது ஏறினார். இருட்டிய பின் இறங்கி வந்து, அடிவாரத்து ஹோப் டவுன் துறையில் படகேறப் போகும் வேளையில், ஷேர் அலி என்னும் கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். மறு மாதம் 11-ஆம் நாள் வைப்பர் தீவில் அவன் தூக்கிலிடப்பட்டான். அத்துறை இருந்த கரை இன்றும் நாம் பாம்பூ பிளாட்டுக்குப் படகில் செல்லும்போது காணும் கரைதான்.

காடு என்றதும் நம்மவர் அஞ்சுவது விலங்குகளுக்கு. அந்தமான் காட்டில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, கரடி இல்லை. குரங்குகூட இத்தீவுகளின் இயற்கைக் குடி அன்று. புள்ளிமான் வெள்ளையர் கொணர்ந்து விட்டது. காட்டுப் பன்றி உண்டு. நச்சுப் பாம்புகளும், ஒரு சாண் நீளப் பூரான்களும் உண்டு. அவை மிதிப்போரையும் கையை நுழைப்போரையும் தவிரப் பிறரைத் தேடி வருவதில்லை. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். ஓடைகள் கடலோடு கலக்கும் இடங்களில் முதலை இருக்கலாம். அங்கே நீரில் இறங்காதிருப்பதே அறிவு. இவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, மற்றொரு தட்டில் வெயிலை வைத்தால், முதன்முறை செல்வோருக்கு வெயிலின் தட்டே தாழும்.

“இதுவும் ஒரு வெயிலா? எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் நின்றவர்களுக்கு இது எம்மாத்திரம்!” என்று நம்மவர் நகைப்பது உண்டு. வேலூரில் 42 டிகிரி கண்டவருக்கு இங்குள்ள 32, 33 டிகிரி சிறிதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் உடலின் கணக்கு வேறு. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாகி உலர்ந்தால்தான் குளிரும். உலர்ந்த காற்றுள்ள ஊரில் வியர்வை சுரந்தவுடன் உலர்ந்துவிடுகிறது. இங்கோ நாற்புறமும் கடல். காற்று முழுவதும் ஈரம். அடர்ந்த மரங்களுக்கிடையே அந்தக் காற்றும் அசைவதில்லை. சட்டை பிழியப் பிழிய நனைகிறது; நீரும் உப்பும் உடலை விட்டுப் போகின்றன; சூடு மட்டும் உள்ளேயே தங்கிவிடுகிறது. மேலே நிழல் இருப்பதால் ஆபத்து இல்லை என்று மனம் ஏமாறுகிறது. இந்நிழல் வெப்பமும் கொடியது என்பதற்கு இதுவே காரணம்.

மற்றொன்றும் உண்டு. நம் கடிகாரம் காட்டுவது இந்திய நேரம். நாம் வாழ்வதோ சென்னைக்கு ஏறக்குறைய பன்னிரண்டரைப் பாகை கிழக்கே. ஆகவே சூரியன் நமக்கு சென்னையைவிட ஐம்பது நிமிடம் முன்னதாக உச்சிக்கு வந்துவிடுகிறான். பங்குனி, சித்திரையில் பதினொன்றேகாலுக்கும் பதினொன்றரைக்கும் இடையே இங்கே உச்சிவேளை. சித்திரை முதல் வாரத்தின் முடிவில் அவன் நேர் தலைக்கு மேலேயே நிற்கிறான். “பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம்” என்னும் ஊர்க் கணக்கு இங்கே பொருந்தாது. அவ்வாறே மாலை ஐந்தரைக்குள் கதிரவன் மறைவான். மார்கழியில் ஐந்து மணிக்கே மறைந்துவிடுவான். மரத்தடியில் இருள் அதற்கும் முன்பே புகுந்துவிடும்.

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிறன்று நண்பர் ஐவர் இம்மலைக்குச் சென்றோம். ஒருவரைத் தவிர மற்றவர்க்கு அதுவே முதல் வன நடை. அந்த ஒருவர் பள்ளி ஆசிரியர். மாணவரை அழைத்துக்கொண்டு பலமுறை போய் வந்தவர். அபர்தீன் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் நெல்லை அண்ணாச்சி ஒருவர், துறைமுகத்தில் பணிபுரிபவர் ஒருவர், நான், வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக் கணக்கராக வந்து எட்டு மாதமே ஆகியிருந்த இளைஞர் ஒருவர். “ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்” என்று ஆசிரியர் முன்னாளே சொல்லியிருந்தார். இளைஞர் ஒரு லிட்டர்க் குப்பியோடு வந்தார். “எனக்கு இது போதும் சார், வேலூர்க்காரன்” என்றார். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் தம் பையில் மேலும் இரண்டு குப்பிகளை வைத்துக்கொண்டார்.

பாம்பூ பிளாட்டிலிருந்து ஜீப்பில் மேலே சென்று, வனத்துறையிடம் சீட்டுப் பெற்று, காலை எட்டு மணிக்குப் பாதையில் இறங்கினோம். முதலில் காளாபத்தர் என்னும் பாறை முனை. மலை உச்சியிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து கடலோரத்து மதுபன் வரை போவதே எங்கள் எண்ணம். முழு வழியும் சுமார் 16 கிலோமீட்டர் என்பர்.

காட்டின் அழகை என்னென்பது! படாக்கு மரங்களின் அடிப்பகுதி பலகைச் சுவர்களைப் போல விரிந்து நிற்கிறது. கர்ஜன் மரங்கள் கோயில் தூண்களைப்போல் கிளையின்றி மேலோங்கி, உச்சியில்தான் இலை விரிக்கின்றன. பிரம்புக் கொடிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஏறுகின்றன. சாத்தத்து மர அறுவை ஆலையைக் காணாதார் நம்மில் யார்? 1883-இல் தோன்றிய அவ்வாலையில் அறுபட்ட மரங்களின் உறவினரை அன்றுதான் உயிரோடு கண்டேன். கிளையிலிருந்து கிளைக்குத் தாவும் கரிச்சான் குருவிகளும், பாதையில் வெயில் விழும் இடந்தோறும் வட்டமிடும் வண்ணத்துப்பூச்சிகளும் எங்களுக்கு வழித்துணையாயின. காளாபத்தர் முனையில் நின்று கீழே நோக்கியபோது, கடைக் கணக்கையே எந்நேரமும் பேசும் அண்ணாச்சி கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை.

அதன்பின் வழி ஏறியும் இறங்கியும் சென்றது. பத்தரை மணியளவில் இளைஞரின் பேச்சு நின்றதை ஆசிரியர் கவனித்தார். காலையில் பாட்டும் பரிகாசமுமாக முன்னே சென்றவர், இப்போது கடைசி ஆளாய்த் தலை குனிந்து நடந்து வந்தார். வேரில் கால் தட்டி இருமுறை தடுமாறினார். குப்பி காலியாகி வெகு நேரம் ஆகியிருந்தது.

“தண்ணீர் வேண்டுமா தம்பி?”

“வேண்டாம் சார். ஒன்றுமில்லை.”

ஆசிரியர் அவர் கையைப் பற்றிப் பார்த்தார். தோல் குளிர்ந்து பிசுபிசுத்தது, மயிர்க்கால்கள் சிலிர்த்திருந்தன, நாடி விரைந்து ஓடியது. “எல்லோரும் உட்காருங்கள்” என்றார். அவரைச் சாய்த்துப் படுக்க வைத்துக் கால்களைப் பையின்மேல் உயர்த்தினோம். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறினோம். சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார் ஆசிரியர். அரை மணி நேரத்தில் முகத்தில் தெளிவு வந்தது.

பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்பே தலை சுற்றியதாம், குமட்டியதாம். “உங்கள் எல்லோருடைய பயணமும் என்னால் கெட்டுப்போகக் கூடாதே என்று சொல்லவில்லை. இப்போது சரியாகிவிட்டது. போகலாம் சார்” என்று எழுந்தார். அப்போதுதான் அண்ணாச்சி சொன்னார்: “மதுபன் எங்கேயும் ஓடிப்போகாது தம்பி. வாரும், திரும்புவோம்.” மறுப்பின்றித் திரும்பினோம். அவர் பையை நாங்கள் மாற்றி மாற்றிச் சுமந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்குப் படகில் இருந்தோம்.

நேயர்களே, அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம். கடல் கடந்து வந்தவன் ஊருக்கு என்ன தெரிவிக்கிறான்? “இவ்விடம் யாவரும் நலம்” என்றுதான். காய்ச்சலில் கிடந்தாலும், சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப் போனாலும், அம்மாவுக்குச் செல்லும் செய்தி நலம் என்பதே. வேலையிடத்தில் முடியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்னும் அச்சம் வேறு. இப்படித் துன்பத்தை மறைத்து மறைத்தே நம்மில் பலர் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். அது பெருமையே. ஆனால் காட்டில் அந்தப் பெருமை உயிரைக் கேட்கும். வெப்பத் தளர்ச்சி முற்றினால் அறிவு கலங்கும், பேச்சு குழறும், உடல் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்நிலையில் சாலையும் மருத்துவரும் இல்லாத இடத்தில் நண்பர் நால்வர் என்ன செய்ய முடியும்?

முதற் கைதிகள் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் இங்கே வந்து இறங்கினர். சில வாரங்களிலேயே பலர் காட்டுக்குள் தப்பி ஓடினர். பர்மாவுக்கு நிலவழி உண்டு என்று நம்பி நடந்தவர்கள் அவர்கள். பசியாலும் தாகத்தாலும் அம்புகளாலும் மாண்டவர் பலர். ஓடிப்போனவருள் துத்நாத் திவாரி என்பவர் அந்தமானியரோடு ஓராண்டு வாழ்ந்து 1859-இல் திரும்பினார். நாடாண்டவர்க்கு அடர்காடாகத் தோன்றிய இடத்தில் நீர் எங்கே, கிழங்கு எங்கே என்று அறிந்து வாழ்ந்தவர்கள் அத்தொல்குடியினர். காட்டை அறிந்தவர்க்கே அது வீடு. அறியாதவர் அடக்கத்தோடுதான் நுழைய வேண்டும்.

இனிச் செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். மழையற்ற மாதங்களாகிய தை, மாசியே ஏற்றவை. விடியற்காலையில் தொடங்குங்கள், பத்து மணிக்குள் எங்கே இருந்தாலும், போவதா திரும்புவதா என்று முடிவு செய்யுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் நீரைத் தாகம் எடுக்கும் முன்னரே சிறிது சிறிதாகப் பருகுங்கள். வெறும் நீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் உடலின் உப்புக் குறையும். ஒரு லிட்டருக்கு ஆறு சிறு கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் தலை தட்டிக் கலந்து ஒரு குப்பி வைத்துக்கொள்ளுங்கள். மோரும் எலுமிச்சை ஊறுகாய்ச் சோறும் இதற்கு நல்ல துணை. தளர்ந்த பருத்தி உடையும், கால் முழுவதும் மூடும் செருப்பும் அணியுங்கள். எல்லோரிலும் மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். அவர் நடையே குழுவின் நடை. அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “ஒன்றுமில்லை” என்னும் விடையை ஏற்காதீர்கள், குப்பியைப் பாருங்கள்.

வனத்துறையாரிடம் வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்துச் சீட்டுப் பெற்றே செல்லுங்கள். கைப்பேசி அங்கே உதவாது என்றே எண்ணி, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தொல்குடியினரின் காப்புக் காடுகளின் பக்கம் விளையாட்டாகவும் கால் வைக்காதீர்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. நம்மிடமிருந்து தொற்றும் சாதாரண நோயும் அவர்களுக்குக் கூற்றாகலாம்.

அந்த இளைஞர் இப்போது நலம். மாசி பிறந்ததும் மறுபடி புறப்பட வேண்டும் என்று அவரே எங்களைத் தூண்டுகிறார். மூன்று குப்பி வாங்கி வைத்துவிட்டதாகவும் கேள்வி. உங்கள் பிள்ளைகள் இம்மண்ணில் பிறந்தவர்கள். இதுவே அவர்களுக்கு ஊர். அவர்களையும் ஒரு காலையில் அம்மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். படாக்கு மரத்தின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அதனினும் முன்பாக, தாகமாயிருந்தால் தாகம் என்று வாய் விட்டுச் சொல்லக் கற்றுக் கொடுங்கள்.