பிரம்பு கற்றுக்கொடுத்த பிதா

எங்கள் வீட்டில் ஞானோபதேசப் புத்தகமும் பிரம்பும் ஒரே மாடக்குழியில் இருந்தன. அப்பா உபதேசியார். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சின்ன சபை அவர் பொறுப்பில் இருந்தது. திடப்படுத்தலுக்கு முன்னால் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். இரவு ஜெபம் முடிந்ததும் அரிக்கேன் விளக்கடியில் என்னை உட்கார வைப்பார்.

பரமண்டல ஜெபத்தின் தொடக்கத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு விளக்கம் உண்டு. செல்லப் பிள்ளைகள் தங்கள் தகப்பனிடம் கேட்பதுபோல நாமும் கடவுளிடம் தயங்காமல் கேட்கலாம் என்பது அதன் பொருள். அதை ஒப்பிக்கும்போது ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். கெண்டைக்காலில் இரண்டு அடி விழுந்தது. எனக்கு அப்போது 13 வயது. விட்டுப்போனது எந்த வார்த்தை என்பது மறந்துபோயிற்று. சுவரில் உயர்ந்த அவர் கையின் நிழல் மறக்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. அம்மா மஞ்சள் காமாலையில் கிடந்தபோது அடைமழையில் பொறையாறுக்குச் சைக்கிள் மிதித்து மருந்து வாங்கி வந்தவர். பிள்ளையை அடித்து வளர்ப்பது வேதம் சொன்ன கடமை என்று மனதார நம்பினார். நீதிமொழிகளில் இருக்கிறது என்பார். அந்தச் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டாலே நானும் தங்கையும் பேச்சை நிறுத்திவிடுவோம். கோயிலுக்குள் கால் வைக்கும்போதும் எனக்கு அதே அடக்கம்தான். அதைப் பக்தி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். என் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ஒரு இரவில், நான் என்ன தப்பு செய்தேன் என்றுதான் முதலில் தேடினேன். குணமாக்கும்படி கேட்கத் தோன்றவில்லை.

என் மனைவியின் அப்பா தையல்காரர். பள்ளிக்கூடம் விட்டதும் இவள் நேரே கடைக்குப் போய், மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணி பொறுக்கிக்கொண்டே அன்றைய கதையெல்லாம் சொல்வாளாம். ஊசியை உதட்டில் கவ்வியபடி அவர் 'ம்' கொட்டுவாராம். இவள் ஜெபிப்பதும் அப்படித்தான். கீரை ஆய்ந்துகொண்டே, "அப்பா, இந்த மழை நாளைக்குக் காலைல வரைக்கும் வேணாம்ப்பா, துணியெல்லாம் ஈரமா கிடக்கு" என்று கடவுளிடம் பேசுவாள். கல்யாணமான புதிதில், மரியாதை இல்லாத பேச்சு என்று அவளைக் கண்டித்தேன்.

கண்டித்தது என் தவறு. கெத்செமனே தோட்டத்தில் இயேசு கடவுளைக் கூப்பிட்ட சொல்லை மாற்கு அரமேய ஒலியிலேயே எழுதி வைத்திருக்கிறார்: அப்பா. புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் அது வருகிறது. நம் தமிழுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல்.

லுத்தரை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். அவருடைய அப்பா ஹான்ஸ் சுரங்கத் தொழிலில் முன்னேறியவர். மகன் வக்கீலாக வேண்டும் என்று விரும்பினார். மகன் 1505-இல் மடத்தில் சேர்ந்துவிட்டார். 1507-இல் எர்ஃபர்ட்டில் முதல் திருப்பலி நடத்திய இளங்குரு, கடவுளின் முன் பேச வேண்டிய இடத்தில் நடுங்கிப்போனார். அன்றைய விருந்தில் அப்பாவும் இருந்தார். தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையை நீ படித்ததில்லையா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். பலிபீடத்தில் ஒரு தகப்பனுக்கும், பந்தியில் இன்னொரு தகப்பனுக்கும் ஒரே நாளில் நடுங்கிய அந்த மனிதர்தான், பல ஆண்டுகள் கழித்து, தயங்காமல் கேளுங்கள் என்று பிள்ளைகளுக்கு எழுதினார். அதைத்தான் என் அப்பா பிரம்போடு சொல்லிக்கொடுத்தார்.

ஆகவே நம் சபைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடவுள் உன் அப்பா மாதிரி என்று ஞாயிறு பள்ளியில் வாய்ப்பாடாகச் சொல்லாதீர்கள். முன்வரிசையில் இருக்கும் பிள்ளையின் அப்பா தினமும் டாஸ்மாக் மூடிய பிறகு வீடு திரும்புகிறவராக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவனின் அப்பா நாலு வருடமாகத் துபாயிலிருந்து போனில் மட்டும் பேசுகிறவராக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. வீட்டில் அடிப்பதற்கு மட்டும் பிரசங்க பீடத்திலிருந்து இன்றும் வசனம் கிடைக்கிறது. பிரம்பைப் பற்றிய அந்த வசனத்தைக் கையில் எடுக்கிற போதகர், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பிதா என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். தாய் தேற்றுவதுபோல் தேற்றும் கடவுள் ஏசாயாவில் இருப்பதும் உண்மை. அதை நாம் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும். ஆனாலும் அந்தச் சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. என் அப்பாவிடம் கிடைக்காதது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நான் இப்போது எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். மனப்பாடத்துக்கு முன்னால் லூக்கா 15-ஆம் அதிகாரத்தைக் கதையாகச் சொல்வேன். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வருகிறான் மகன். அவன் தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டு அந்தப் பெரிய மனிதர் ஓடுகிறார். நம் ஊரில் அந்தஸ்துள்ள ஒரு பெரியவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் ஓடினால் எப்படி இருக்கும் என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு பெண் சிரிக்கவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கிறவள்.

"சார், அந்த அப்பா அடிக்கவே இல்லியா?"

"இல்லம்மா. கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுத்தார்."

"வீட்டுக்குள்ள போனப்புறம்?"

"அப்பவும் இல்ல."

"அத எழுதாம விட்ருப்பாங்க சார்."

என் வேதப்புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். மற்றவர்கள் கலைந்து போன பிறகும் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, அந்த அதிகாரத்தின் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தாள்.