கம்பத்தின் விலையும் குடியின் வரியும்

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றங்கரையில் ‘போ’ என்றொரு சிற்றூர் உண்டு. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் விரட்டுவது போல் ஒலிக்கும். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வூர் ஒரு பெரிய மின்நிலையத்தைத் தன் மடியில் வைத்திருந்தது. 1960இல் ஒன்றும் 1968இல் மற்றொன்றுமாக இரண்டு நிலக்கரி அலகுகள் அங்கே எழுந்தன. புகையோடு வெளியேறும் பாதரசத்தைக் குறைத்தாக வேண்டும் என்று 2006இல் மாநிலச் சட்டமன்றம் ஆணையிட்டது. அதன்படி புகையைக் கழுவித் தூய்மைசெய்யும் பெருங்கருவி ஒன்று பொருத்தப்பெற்றது. 25 கோடி டாலரில் முடியும் என்று தொடங்கிய வேலை, 2011இல் முடிந்தபோது 42 கோடி டாலரை விழுங்கியிருந்தது. 2018 சனவரியில் அந்நிலையத்தை அதன் உடைமையாளரான மின்நிறுவனம் விற்றது. அதனோடு அதே நிறுவனத்தின் நியூயிங்டன், ஷில்லர் அனல் நிலையங்களும் சேர்ந்தே விலைபோயின. எல்லாவற்றுக்கும் கிடைத்த மொத்த விலை 17.5 கோடி டாலர்.

ஒரு கருவிக்குக் கொட்டிய பணத்தில் பாதிகூட மூன்று நிலையங்களுக்கு முழுவிலையாகத் தேறவில்லை. இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், மின்சாரமும் எரிவாயுவும் குடிநீரும் வழங்கும் நிறுவனங்களின் உடைமைக்கு வரிக்காக மதிப்பு வைப்பது எத்துணை இடர்ப்பாடான வேலை என்பது விளங்கும். கருவி பொருத்தி ஓராண்டும் ஈராண்டும் கழிந்த 2012, 2013 ஆகிய வரியாண்டுகளில் ஊர் வைத்த மதிப்பு மிகை என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. விசாரணை நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில உச்சநீதிமன்றம் 2018இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

ஊர் பேராசைப்பட்டுத் தோற்றது என்று இதற்கு எளிதாகப் பெயர் சூட்டிவிடலாம். நாம் அவ்வாறு சொல்ல ஒருப்படோம். நியூ ஹாம்ப்ஷயரில் ஊதியத்தின்மீது வருமான வரி இல்லை. பொது விற்பனை வரியும் இல்லை. பள்ளிக்கூடம், சாலை, தீயணைப்பு, மார்கழி தையில் பனி அகற்றுதல் யாவும் பெரும்பாலும் சொத்துவரியை நம்பியே நடக்கின்றன. மார்ச்சு மாதத்தில் ஊர்க்கூட்டம் கூடிச் செலவைத் தீர்மானிக்கிறது. அத்தொகையை ஊரிலுள்ள எல்லாச் சொத்துகளின் மொத்த மதிப்பால் வகுத்தால் வருவதே வரிவிகிதம். நிறுவனத்தின் மதிப்பு பாதியாகச் சரிந்தால் செலவு சரியாது, விகிதம் ஏறும். அவ்வேற்றத்தைச் சுமப்பவர் மின்நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிழவியும் கடைக்காரரும் ஆவர். ஊர் ஏன் மல்லுக்கு நின்றது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வீட்டுக்கு மதிப்பு வைப்பது ஓரளவு எளிது. அதே தெருவில் அதைப்போன்ற வேறொரு வீடு சென்ற ஆண்டு என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்தால் போதும். மின்மாற்றி சந்தையில் அவ்வாறு கைமாறுவதில்லை. பகிர்மானக் கம்பியில் இரண்டு கல் தொலைவை மட்டும் வாங்க எவரும் வருவதில்லை. ஆகவே சந்தை விலை என்னும் முதல் அளவுகோல் பெரும்பாலும் கைகொடாது. ஈட்டும் வருவாயைக் கொண்டு மதிப்பிடலாம் என்றால், அவ்வருவாயோ அரசின் கட்டண ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்துக் கொடுத்தது. செலவைக் கொண்டு மதிப்பிடலாம் என்றால், எந்தச் செலவு? அன்று கட்டியதற்கு ஆன மூலச் செலவா, இன்று புதிதாய்க் கட்டினால் ஆகும் செலவா, தேய்மானம் கழித்துக் கணக்கேட்டில் எஞ்சி நிற்கும் ஏட்டுமதிப்பா? வழக்கறிஞர்கள் வளம்பெறுவது இவ்விடத்தில்தான்.

கட்டண ஆணையத்தின் நடைமுறை இச்சிக்கலை மேலும் முறுக்கிவிடுகிறது. 1898இல் ஸ்மித் எதிர் ஏம்ஸ் என்னும் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், மக்களின் பயனுக்காக ஈடுபடுத்தப்பட்ட உடைமையின் நியாயமான மதிப்புக்கு ஏற்ற ஆதாயம் நிறுவனத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றது. மதிப்பு என்பது வரப்போகும் வருவாயைப் பொறுத்தது. வருவாயோ ஆணையம் விதிக்கும் கட்டணத்தைப் பொறுத்தது. கட்டணத்தை விதிக்க மதிப்புத் தெரிய வேண்டும். செக்கு மாடு சுற்றிய தடத்திலேயே சுற்றுவதை நீதிபதிகள் உணர நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின. 1944இல் ஹோப் இயற்கை எரிவாயு வழக்கில், மதிப்பு என்பது கட்டணம் வகுக்கும் செயலின் முடிவில் பிறப்பது, தொடக்கத்தில் கிடப்பதன்று என்று நீதிபதி வில்லியம் டக்ளசு தெளிவுபடுத்தினார். கட்டண ஆணையங்கள் அதன்பின் பெரிதும் மூலச் செலவில் தேய்மானம் கழித்த கணக்கிலேயே அமைதிகண்டன. வரி மதிப்பீட்டாளருக்கு அவ்வமைதி வாய்க்கவில்லை. முழுச் சந்தை மதிப்பைக் கண்டறிக என்று சட்டம் இன்றும் அவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நிறுவனத்தின் வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. ஏட்டுமதிப்பின் மீதுதான் ஆணையம் எமக்கு ஆதாயம் அனுமதிக்கிறது. அதற்குமேல் கொடுத்து எமது கம்பிகளை வாங்குபவன் எதைக் கண்டு வாங்குவான் என்று அது வினவுகிறது. ஊரின் மறுமொழியும் வலுவானதே. இத்தகைய நிறுவனங்கள் கைமாறும்போது ஏட்டுமதிப்புக்கு மேலும் விலை கொடுத்தவர் உண்டு. எதிர்கால வளர்ச்சிக்கும் போட்டியில்லாத உரிமைக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள் என்று அது சொல்கிறது.

ஒரு மின்கம்பத்தை மட்டும் எடுத்து நிறுத்திப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. நாற்பது ஆண்டுக்கு முன் நட்ட மரக்கம்பம். கம்பம், குறுக்குக்கட்டை, நட்ட கூலி எல்லாம் சேர்ந்து மூலச் செலவு 1000 டாலர். கணக்கேட்டில் 800 டாலர் தேய்மானமாகக் கழிந்துவிட்டது, எஞ்சியது 200. நிறுவனத்தின் கணக்கர் கம்பத்தின் மதிப்பு 200 என்பார். கம்பமோ தாரெண்ணெய் ஊறிய கருமையோடு, பனிப்புயல்களைத் தாங்கி, இன்றும் நேராக நிற்கிறது. அடியில் தட்டினால் கெட்டியான ஒலி. அதை எடுத்துவிட்டுப் புதிது நட 4000 டாலர் ஆகும் என்றால், பாதி தேய்ந்ததாகக் கொண்டு மதிப்பு 2000 என்பார் ஊரின் மதிப்பீட்டாளர். ஒரே கம்பம், இருநூறும் இரண்டாயிரமும். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவேறு வினாக்களுக்கு விடை சொல்கிறார்கள், அவ்வளவே.

கம்பத்தைத் தனியே நிறுத்திப் பார்ப்பதே பிழை என்பாரும் உளர். தேரைப் பிரித்து விறகாக எடைபோட்டால் தேரின் மதிப்பு வருமா? அச்சும் சக்கரமும் வடமும் பூட்டி வீதியில் ஓடும்போதுதான் அது தேர். 1870களில் இலினாய் மாநில இருப்புப்பாதை வரி வழக்குகளில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இக்கருத்தை ஏற்றது. பாதையை முழுமையாக மதிப்பிட்டு, எந்த வட்டாரத்தில் எத்தனை கல் ஓடுகிறதோ அதற்கேற்பப் பங்கிடலாம் என்றது. 1897இல் ஆடம்சு எக்சுபிரசு என்னும் சரக்கு அஞ்சல் நிறுவனத்தின் வழக்கு ஒரு படி மேலே சென்றது. அந்நிறுவனத்துக்கு ஒகையோ மாநிலத்தில் இருந்தவை சில குதிரைகளும் வண்டிகளும் இரும்புப் பெட்டிகளுமே. ஆயினும் அவை நாடு தழுவிய ஒரே தொழிலின் உறுப்புகள்; ஆதலால் முழுமையின் மதிப்பில் பங்கு கொண்டு வரிவிதிக்கலாம் என்று ஐவருக்கு நால்வர் என்ற பிளவில் தீர்ப்பாயிற்று. இன்று பல மாநிலங்கள் இம்முறையைப் பின்பற்றி நிறுவனம் முழுவதையும் மாநில அளவில் ஓரிடத்திலேயே மதிப்பிடுகின்றன.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. முழுமையை மதிப்பிடும்போது, கண்ணுக்குப் புலப்படாத உரிமைகளும் நற்பெயரும் அதனுள் புகுந்துகொள்ளும். கலிபோர்னியாவில் எல்க் இல்சு மின்நிலையத்தின் வழக்கில் இது வெளிப்பட்டது. மாசு வெளியிடுவதற்கென நிறுவனம் வாங்கிய உரிமைச் சான்றுகளின் மதிப்பை நேரடியாகச் சேர்த்தது செல்லாது என்று அம்மாநில உச்சநீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விதிக்கும் வரி, காகிதத்தில் உள்ள உரிமைக்கும் விதிக்கும் வரியாக மாறிவிடலாகாது. அத்தீர்ப்பு சரி என்றே கருதுகிறோம்.

நியூ ஹாம்ப்ஷயரின் நிலை இன்னும் விந்தையானது. அங்கே 1999 முதல் மாநில அரசும் இவ்வுடைமைகளுக்கு ஆயிரம் டாலர் மதிப்புக்கு 6.60 டாலர் என்று தனியே வரி வாங்குகிறது; அதற்காகத் தானே ஒரு மதிப்பும் காண்கிறது. ஊர்களோ தத்தம் மதிப்பீட்டாளரை அமர்த்திக்கொண்டு வேறொரு மதிப்புக் கண்டன. ஒரே கம்பிக்கு அரசு ஒன்றும் ஊர் ஒன்றுமாக இரண்டு மதிப்பு. ஊரெல்லையைத் தாண்டினால் மூன்றாவது மதிப்பு. வழக்குகள் ஆண்டுதோறும் முளைத்ததில் வியப்பில்லை.

இக்குழப்பத்துக்கு 2019இல் அம்மாநிலச் சட்டமன்றம் ஒரு முடிவு கட்ட முயன்றது. பகிர்மான உடைமைகளுக்கு மூலச் செலவில் எழுபது விழுக்காடும் ஏட்டுமதிப்பில் முப்பது விழுக்காடும் சேர்ந்ததே வரிமதிப்பு என்று வாய்பாடு வகுத்தது. ஐந்தாண்டில் படிப்படியாக அதை நடைமுறைக்குக் கொண்டுவரவும் ஏற்பாடு செய்தது. நமது கம்பத்துக்கு இதன்படி எழுநூறும் அறுபதும் சேர்ந்து 760 டாலர். இருநூறுமன்று, இரண்டாயிரமுமன்று.

எழுபதுக்கு முப்பது என்னும் இவ்விகிதம் இயற்கையின் நியதியன்று. அறுபதுக்கு நாற்பது என்றிருந்தாலும் யாரும் அதைக் கணக்கால் பிழை என்று காட்ட முடியாது. பேரம் பேசி நடுவில் நின்ற எண் அது. எனினும் அதை நாம் வரவேற்கிறோம். இல்லாத ஒரு சந்தையின் விலையைத் தேடி ஆண்டுதோறும் இரு தரப்பு வல்லுநரும் நீதிமன்றத்தில் மல்லாடுவதைவிட, அனைவருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒரு விதி மேல். மூலச் செலவின் எழுபது விழுக்காடு தேய்மானத்தால் கரையாது. கம்பம் நிற்கும் வரை ஊருக்கு அது உறுதி. ஏட்டுமதிப்புச் சரியச் சரிய நிறுவனத்துக்கும் ஓரளவு தணிவு உண்டு. சிற்றூர் ஒன்று தன் பள்ளிக்கூடப் பணத்தை வழக்கறிஞருக்கும் வல்லுநருக்கும் இறைக்க வேண்டிய நெருக்கடியும் குறைகிறது.

இவ்வழக்குகளில் பெரிதும் மறைக்கப்படும் உண்மை ஒன்றுண்டு. நிறுவனம் செலுத்தும் சொத்துவரி அதன் சொந்தப் பையிலிருந்து போவதன்று. அது செலவாகக் கணக்கில் ஏறி மின்கட்டணத்தில் வந்து விழுகிறது. 2019இன் அதே சட்டம், வரி ஏற்ற இறக்கத்தைக் கட்டணத்தில் ஈடுசெய்துகொள்ளும் வழியைக் கட்டண ஆணையமே வகுத்துத் தர வேண்டும் என்றும் பணித்தது. முன்பு விற்ற அனல் நிலையங்களில் மீளாமற்போன முதலீட்டுக்காக 2018இல் ஏறத்தாழ 63.5 கோடி டாலருக்குப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அவற்றை அடைப்பவரும் மின்நுகர்வோரே. ஆக, ஊரின் வழக்கறிஞருக்கு வரிப்பணத்திலிருந்தும் நிறுவனத்தின் வழக்கறிஞருக்குக் கட்டணத்திலிருந்தும் கூலி கொடுத்துக்கொண்டு, தனக்கெதிராகத் தானே வழக்காடி நின்றவன் ஒரே குடிமகன். வரி செலுத்துபவனாகவும் மின்நுகர்வோனாகவும் அவனுக்கு இரண்டு முகங்கள். தொழிற்சாலை மிகுந்த ஊரும் குடியிருப்பு மிகுந்த ஊரும் இவ்விரு முகங்களால் பெறுவதும் இழப்பதும் வேறுபடும் என்பதால்தான், மதிப்பு வைக்கும் விதி ஊருக்கு ஊர் மாறாமல் மாநிலம் முழுமைக்கும் ஒன்றாய் இருக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இவ்வினா இன்னும் முதற்படியைக்கூட முழுதாகத் தாண்டவில்லை. எண்ணெய்த் தொட்டி வரிக்குரிய கட்டுமானமா என்பதற்கு மும்பை மாநகராட்சி உச்சநீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. கைப்பேசிக் கோபுரம் சொத்துவரி விதிக்கத்தக்க கட்டடமே என்று அந்நீதிமன்றம் 2016 திசம்பரில் தீர்ப்பளித்தது. வரி விதிக்கலாம் என்பது அவ்வாறு முடிவாயிற்று. எவ்வளவு என்பது முடிவாகவில்லை. நம் நகராட்சிச் சட்டங்கள் நெடுங்காலம் நம்பியிருந்த அளவுகோல் இங்கிலாந்திலிருந்து வந்தது: ஓராண்டு வாடகைக்கு விட்டால் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க தொகை. வீட்டுக்கு அது பொருந்தும். மின்கோபுரத்துக்குக் குடிக்கூலி தந்து குடியிருக்க வருபவர் யார்? சதுர அடியால் அளக்கலாம் என்றால், கம்பிக்குச் சதுர அடி ஏது?

நகராட்சிகளும் ஊராட்சிகளும் இவ்வுடைமைகளிடம் நேர்மையான வரியைப் பெற வேண்டும் என்று அரசுகள் உண்மையிலேயே விரும்பினால், மதிப்பு வைக்கும் விதியைச் சட்டத்திலேயே எழுதட்டும். அதை வரிவசூலரின் விருப்பத்துக்கும் நீதிமன்றத்தின் பொறுமைக்கும் விட்டுவிடலாகாது. கட்டண ஆணையத்தின் முன் நிறுவனம் காட்டும் சொத்துக் கணக்கேடு அப்படியே உள்ளாட்சியின் கைக்கும் வரட்டும். வகுத்த விதியைச் சில ஆண்டுக்கொரு முறை வெளிப்படையாக மறுஆய்வு செய்யட்டும். மூன்றும் அரிய செயல்களல்ல. ஒரு சிறு மாநிலம் அவற்றில் முதலாவதைச் செய்து காட்டியிருக்கிறது.

அதுவும் குறைபட்டதே. போ ஊரின் நிலையத்தை வாங்கிய நிறுவனம், 2028 நடுப்பகுதிக்குள் அங்கே நிலக்கரி எரிப்பதை நிறுத்துவதாக 2024இல் உடன்பட்டது. அதன்பின் அந்நிலையத்துக்கு என்ன மதிப்பு வைப்பது என்பதற்கு அவ்விதியில் விடை இல்லை; எழுபது முப்பது வாய்பாட்டில் மின்உற்பத்தி நிலையங்கள் சேர்க்கப்படவில்லை.