செப்டிக் டேங்க் லாரி எங்கே போகுது? கருங்குழி சொல்லும் கணக்கு

செப்டிக் டேங்க் நிரம்பினா ஒரு போன் போதும், லாரி வந்து உறிஞ்சிட்டுப் போயிடும். எங்கே கொட்டுறாங்கன்னு கேட்டிருக்கீங்களா? பாதாள சாக்கடை இல்லாத பல ஊர்களில் பதில்: ஏரி, ஓடை, ஆளில்லாத சாலையோரம்.

செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி பேரூராட்சியில் 2017 முதல் இதற்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்து. கசடு படுகையில் காய்கிறது. பிரியும் நீர் தனியாகச் சுத்திகரிக்கப்படுகிறது. கொள்ளளவு நாளுக்கு சுமார் 23,000 லிட்டர். 5,000 லிட்டர் லாரின்னா நாலு, அஞ்சு நடைதான்.

சிக்கல் லாரியில்தான். தூரம் கூடினா டீசல் செலவு. ராத்திரியில் வழியிலேயே திறந்துவிட்டா அது மிச்சம். டேங்கை 2-3 வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யணும்; நாம கூப்பிடுறதோ நாத்தம் வந்த பிறகு. தமிழ்நாட்டில் இந்த லாரிகளுக்கு உரிமம் கட்டாயம். அடுத்த முறை வரும்போது கேட்டுப் பாருங்க.