ஓவர்டிரைவும் கடுகண்ணாவை இறக்கமும்

பழைய தன்னியக்கக் கார் வைத்திருக்கும் குடும்பத்தார் பலர், “ஊருக்குள் கார் நன்றாகத்தான் ஓடுகிறது, நெடுவீதியில் ஏறினாலோ எஞ்சின் ஓலமிடுகிறது, பெற்றோலும் கரைகிறது” என்று குறைப்படக் கேட்கிறோம். கண்டியிலிருந்து குருநாகலுக்குச் சென்று, 2022இல் திறக்கப்பட்ட மீரிகம அதிவேக வீதியைப் பிடிப்போர் இதனை நன்குணர்வர்.

இதன் காரணத்தை அறிவது கடினமன்று. நான்கு கியர்க் கார்களிற் கடைசிக் கியருக்கு ஓவர்டிரைவ் என்று பெயர். மூன்றாங் கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால், சில்லுகளை நோக்கிச் செல்லும் தண்டும் ஒரு சுற்றே சுற்றும். ஓவர்டிரைவில் எஞ்சின் ஏறக்குறைய 0.7 சுற்றுச் சுற்றினாலே அத்தண்டு ஒரு சுற்றை முடித்துவிடும். ஆகவே, நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும் எஞ்சின், காரின் வேகம் குறையாமலே 2,100 தடவை சுழன்றாற் போதும்.

எனவே, பணஞ் செலவிடுமுன் ‘ஓ.டி. ஓஃப்’ விளக்கைப் பாருங்கள். அது எரிந்தால் ஓவர்டிரைவ் தடைப்பட்டிருக்கிறது என்பது பொருள். கியர்த் தடியிலுள்ள பொத்தானைக் கைதவறி அழுத்தியிருக்கலாம். மீண்டும் அழுத்தினால் விளக்கு அணையும். எஞ்சின் சூடேறும் வரையிலும் பல கார்கள் ஓவர்டிரைவுக்கு மாறா. சூடேறிய பின்பும் மாறாவிடின், கியர் எண்ணெயைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். மூன்று கியர் மட்டுமே உள்ள காரில் ஓவர்டிரைவே இல்லை. பின்னச்சின் பற்சக்கரங்களை மாற்றினாற் சுழற்சி குறையும், மலையேறும் வலுவும் உடன் குறையும். மலைநாட்டாருக்கு அது ஏற்றதன்று. சற்றே மெதுவாகச் செலுத்துவதே சிக்கனம்.

இனி, உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்று. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திற் கப்டன் டோசன் அமைத்த கண்டிப் பாதை கடுகண்ணாவையிற் செங்குத்தாக இறங்குகிறது. 1832இல் எழுப்பப்பட்ட அவரது நினைவுக் கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. அவ்விறக்கத்திற் பெற்றோலை மிச்சப்படுத்த எண்ணி ஓவர்டிரைவிலோ நியூட்ரலிலோ இறங்குதல் பெருந் தவறு. எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்தாதபோது முழுச் சுமையும் பிறேக்கின் மீதே விழும். பிறேக் காய்ந்து பிடியை இழக்கும். அதன் எண்ணெய் கொதித்தால் மிதி தரையோடு அமிழ்ந்துவிடும். ஆதலால், இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைத் தணித்து, ஓவர்டிரைவை நிறுத்தி, வேண்டுமாயின் இரண்டாங் கியருக்கு மாற்றுங்கள். எஞ்சின் அப்போது உரத்து ஒலிக்கும், ஒலிக்கட்டும். காரினுள் இருப்போரை அந்த ஒலியே காக்கின்றது.